சாலிஹ் வாங்கிய இரண்டு பைகள்

ஐம்பத்துமூன்றாவது வயதில் சாலிஹின் வலது முழங்கால், படி இறங்கும்போதெல்லாம் சத்தம் போட ஆரம்பித்தது. டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மலை ஏற வேணாம்னு சொல்லல. முதுகுல சொமக்கிறத குறைங்க" என்றார். வேறு ஒருவர் என்றால் அதைக் கேட்டுக் கவலைப்பட்டிருப்பார். சாலிஹுக்கோ கையில் ஒரு புது வேலை கிடைத்தது போல இருந்தது.

அவர் சுபாவம் அப்படி. மாத்தளையில் வீதி வேலைகளுக்கு அளவெடுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இருபத்தெட்டு வருஷமாக நாவுலைக்கும் கலேவெலைக்குமாக அளவு நாடாவைப் பிடித்துப் பழகிய கை. வீட்டில் ஜன்னலுக்குத் திரை தைப்பதென்றாலும் மூன்று தரம் அளந்துவிட்டுத்தான் துணிக்கடைக்குப் போவார். மனைவி ஸரீனா இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள்.

மாதத்துக்கு ஒரு மலை என்பது இளமைக்காலத்திலிருந்தே அவருக்குள்ள பழக்கம். அதைத் தொடங்கியதில் பாதிப் பங்கு செல்லச்சாமிக்கு உண்டு. பதினாறு வயதில் ஓ.எல். பரீட்சை முடிந்த வாரம், வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ரத்தோட்டையில் பஸ் மாறி ரிவர்ஸ்டன் மலைக்குப் போனவர்கள் அவர்கள் இருவரும். செல்லச்சாமியின் அப்பா தோட்டத்து லொறி ஓட்டினார். செல்லச்சாமி ரத்தோட்டை வீதியில் மோட்டர் வைண்டிங் கடை வைத்தார். எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. வருஷங்கள் போக, அலுவலகத்து ஆட்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் சேர்ந்து ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவாகிவிட்டார்கள். வழியைத் தீர்மானிப்பது சாலிஹ். எல்லோருக்கும் தேத்தண்ணி சுமந்து வருவது செல்லச்சாமி. பெரிய பிளாஸ்க் இரண்டு, மரக்கறி ரொட்டி ஒரு பார்சல், அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும். சாலிஹ் ஹலாலா என்று கேட்கவேண்டிய நிலைமை வரக்கூடாது என்பதற்காகவே முப்பத்தைந்து வருஷமாக அந்த ரொட்டியில் மரக்கறியைத் தவிர வேறொன்றும் வைத்ததில்லை. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

டொக்டரிடம் போய்வந்த அன்றே சாலிஹ் தன் பழைய முதுகுப்பையைக் கொக்கித் தராசில் மாட்டினார். உள்ளே ஒன்றுமில்லாமலே மூன்று கிலோ இருநூறு கிராம். "வெறும் பேக்கே ஒரு கைக்கொழந்த பாரம் ஈக்கி ஸரீனா!" என்று அடுப்படிவரை வந்து சொன்னார்.

அடுத்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் பையைப் பற்றித்தான் பேச்சு. முதலில் இணையத்தில் பார்த்து ஒன்றைத் தருவித்தார். அறுநூறு கிராம், கைக்குள் சுருட்டிவிடலாம். அதில் அரிசியும் தண்ணீர்ப் போத்தல்களுமாக எட்டுக் கிலோவை நிரப்பிக்கொண்டு, விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு ஊருக்கு மேலேயுள்ள தோட்டப் பாதையில் ஏறிப் பார்த்தார். முதுகுப் பக்கம் தாங்குவதற்கு ஒன்றுமில்லாததால் பை உருண்டு பந்தாகி, போத்தல் ஒன்று முதுகெலும்பிலேயே குத்திக்கொண்டு வந்தது. இடுப்புப் பட்டி பேருக்குத்தான் இருந்தது. பாரம் முழுவதும் தோளில் இறங்கி, வீட்டுக்கு வரும்போது தோல் சிவந்திருந்தது. அதைத் திருப்பி அனுப்பினார்.

கொழும்பில் பார்த்த இன்னொன்று முதுகைத் தொடாமல் வலை வைத்துத் தைத்தது. வியர்வை பிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் பாரம் உடம்பை விட்டு ஒரு சாண் தள்ளி நின்று, ஆளைப் பின்னால் இழுத்தது. மூன்றாவது பைதான் அவர் மனதுக்குப் பிடித்தது. ஒரு கிலோவும் நூறு கிராமும். முதுகுப் பக்கம் மெல்லிய கம்பி ஒன்று வளைந்து ஓடியது. இடுப்புப் பட்டி எலும்பில் சரியாக உட்கார்ந்தது. மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரே ஒரு ஜிப். திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் பெட்டியைத் திறந்ததுபோலக் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பழைய பத்திரிகைகளை அடைத்து, முற்றத்தில் வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு தாள் மட்டும்தான் நனைந்திருந்தது. எட்டுக் கிலோவோடு அதே தோட்டப் பாதையில் நான்கு நாள் ஏறி இறங்கினார். நான்காம் நாள் முழங்கால் வாயே திறக்கவில்லை.

சந்தோஷத்தில் இன்னொன்றும் வாங்கினார், செல்லச்சாமிக்கு.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கடைசியாகப் போன இரண்டு மலைகளிலும் செல்லச்சாமி மிகவும் பின்தங்கிவிட்டார். எப்போதும் முன்னால் போகிற ஆள், அடிக்கடி நின்றார், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார், முகம் வெளிறியிருந்தது. அவருடைய பை ஒரு தடித்த கன்வஸ் சாமான். கொழுக்கி போன இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருப்பார். 'அந்தப் பாரம்தான் ஆளைக் கொல்லுது' என்று சாலிஹ் முடிவு செய்துவிட்டார். அதற்கு முன்பு செல்லச்சாமி பதினைந்து நாள் கடையைப் பூட்டியிருந்ததும் அவருக்குத் தெரியும். கொழும்பில் வேலை பார்க்கும் மகள் ஹம்சிகாவிடம் போனதாகச் சொன்னார். சாலிஹ் அதை நம்பினார். நம்பாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

புதுப் பையைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது செல்லச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். ஜிப்பை முழுவதும் இழுத்துத் திறந்து, உள்ளே கொஞ்சநேரம் பார்த்தபடி இருந்தார்.

"நல்ல பேக்தான் மச்சான். காத்து மாதிரி இருக்கு."

"அப்ப இந்தத் தரம் மணிகலை மலைக்கு இதத்தான் கொண்டு வார."

"பாப்போம். உள்ளுக்குத் தனியா ஒரு பொக்கட் கூட இல்லியே."

"பொக்கட் என்னத்துக்கு? ஒவ்வொரு பொக்கட்டும் அம்பது கிராம்!"

செல்லச்சாமி சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ குறைகிறது என்று சாலிஹுக்கு அப்போது படவில்லை. பிறகு எத்தனையோ தரம் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

மணிகலைக்குப் போன அன்று காலையில் ஏழு பேரும் இலுக்கும்புரவில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். மலையேறிவிட்டு, அன்றிரவு அடிவாரத்துக் கிராம வீடொன்றில் தங்கி மறுநாள் திரும்புவதாகத் திட்டம். செல்லச்சாமியின் முதுகில் பழைய கன்வஸ் பைதான் இருந்தது. புதுப் பை வெறுமையாகக் கையில் தொங்கியது. "ஒனக்காகத்தான் கொண்டு வந்தேன், போற வழியில மாத்திக்கிறேன்" என்று சமாளித்துவிட்டு, பைகளைத் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் கழிவறைக்குப் போனார்.

சாலிஹுக்கு அந்தக் காலைப் பொழுதின் உற்சாகம். வங்கியில் வேலை செய்யும், அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் றிகாஸ் பக்கத்தில் நின்றான். தாதி வேலை பார்க்கும் நிஷ்மியா செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். "இவன் மாத்த மாட்டான். அவன் திரும்பி வாரதுக்கு முந்தி நாம மாத்தி வெப்போம்" என்றார் சாலிஹ். கீழே பொலித்தீன் தாள் ஒன்றை விரித்தார். செம்புக் கம்பியை அவிழ்த்தார்.

பிளாஸ்க் இரண்டு வந்தது. ரொட்டிப் பார்சல் வந்தது. பிறகு இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று, இன்னொன்று, மூன்றாவது ஒன்று. காற்சட்டையும் மூன்று. "ஒரு ராத்திரிக்கு வாரவன் பெருநாளைக்கு வாரவன் மாதிரி சாரம் கொண்டு வந்தீக்கான்!" என்று சாலிஹ் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பைக்குள்ளே தைத்திருந்த பொக்கட்டில் கறுப்புப் பொலித்தீன் பையொன்று இறுகக் கட்டிக் கிடந்தது. பாரமே இல்லை. இவ்வளவு இடத்தை அடைப்பது என்ன என்று அவிழ்த்தார். உள்ளேயிருந்து வெள்ளையாக, மெத்தென்று, மடித்த ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன, யார்ட கொழந்தைக்கு?"

சத்தமாகத்தான் கேட்டார். றிகாஸ் பகபகவென்று சிரித்தான். நிஷ்மியா சிரிக்கவில்லை. வயதுபோன நோயாளிகளுக்குப் படுக்கை நனையாமலிருக்க அவள் தினமும் மாற்றிவிடுகிற சாமான் அது. "சாலிஹ் நானா, வைங்க. உள்ளுக்கு வைங்க" என்று பதறினாள். அப்போதுதான் சாலிஹ் நிமிர்ந்து பார்த்தார். செல்லச்சாமி மூன்று அடி தள்ளி, ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்லச்சாமி ஒரு வார்த்தைகூடத் தடிப்பாகப் பேசவில்லை. வந்து குந்தினார்.

"குடு மச்சான்" என்றார். சாலிஹின் கையிலிருந்ததை வாங்கி, கறுப்புப் பைக்குள் வைத்து, முடிச்சுப் போட்டார். சாரங்களை ஒவ்வொன்றாக மடித்தார். எல்லாவற்றையும் பழைய பையிலேயே அடுக்கினார். கம்பியை இறுக முறுக்கிக் கட்டினார்.

அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று சாலிஹ் நினைத்தார். ஆனால் அவர் அன்று மலையேறினார். கடைசி ஆளாக, மெதுவாக, நின்று நின்று ஏறினார். உச்சிப் பாறையில் காற்று ஆளைத் தள்ளியது. செல்லச்சாமி பிளாஸ்க்கைத் திறந்து வழமைபோல ஏழு கோப்பையும் ஊற்றினார். றிகாஸுக்கும் கொடுத்தார். சாலிஹின் கோப்பையை நீட்டும்போது மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை. சாலிஹ் அந்தத் தேத்தண்ணியை ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, பாறை ஓரத்தில் ஊற்றினார்.

அடிவாரத்துக்கு வந்ததும் செல்லச்சாமி, "கடையில அவசர வேல ஒன்னு, நான் பின்னேர பஸ்ல போறேன்" என்றார். அவசரம் ஒன்றுமில்லை என்பது சாலிஹுக்குத் தெரியும். தானும் கூடவே பஸ்ஸில் ஏறியிருக்கவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கூட்டிவந்தவர்கள் நிற்கிறார்கள், வீட்டுக்காரருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று என்று ஏதேதோ கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பஸ் வளைவில் திரும்பியது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் கடைக்குப் போக அவருக்குத் தைரியம் வந்தது. செல்லச்சாமி மோட்டர் ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்துக் கடையில் தேத்தண்ணி சொன்னார்.

"மச்சான், என்ன மன்னிச்சிக்க. எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா நீ செஞ்சிருக்க மாட்ட. அது எனக்குத் தெரியும்." கம்பிச் சுருளைத் தடவியபடி பேசினார். "புரோஸ்டேட்ல கட்டி. கண்டியில ஒப்பரேஷன் பண்ணாங்க. கட்டி போயிருச்சி. ஆனா தண்ணிய அடக்க ஏலாது. இருமினா, ஏறினா, தன்னால போகும். கொறையும்னு டொக்டர் சொல்றாரு. ஹம்சிகாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்தேன். மணிகலையில, நாம ரெண்டு பேரும் தனியா இருக்கிற நேரம் பாத்து." கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். "நீ கொண்டாந்த பேக் நல்லதுதான். ஆனா ஜிப்ப இழுத்தா எல்லாமே வெளிய தெரியுது. எனக்கு மறைக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்."

சாலிஹ் தலையைக் குனிந்தார். தோள், இடுப்பு, மழை, முழங்கால் என்று இரண்டு மாதம் சோதித்துப் பார்த்த மனிதர் அவர். சுமக்கப்போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"அடுத்த மாசம் நாம ரெண்டு பேர் மட்டும் போவோம். பிட்டவல பத்தனைக்கு. ஏத்தமே இல்ல."

"பாப்போம்" என்றார் செல்லச்சாமி.

அந்தப் 'பாப்போம்' நான்கு மாதம் ஓடியது. ஒருதரம் கடையில் வேலை, ஒருதரம் கிளினிக், ஒருதரம் மழை. பிறகு சாலிஹும் கேட்பதை நிறுத்திக்கொண்டார். கேட்கும்போதெல்லாம் அந்தக் காலையை மறுபடி அவருக்கு ஞாபகப்படுத்துகிறோமோ என்ற பயம். கேட்காமல் விட்டதும் பிழைதானோ என்று இப்போது நினைக்கிறார். றிகாஸிடம் ஒருநாள் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். அவன் முகம் சுருங்கிப்போய், "நான் போய் மன்னிப்புக் கேக்கவா நானா?" என்றான். "வேணாம், இன்னொரு ஆளுக்குத் தெரியும்னு அவன் நெனக்க வேணாம்" என்று தடுத்துவிட்டார். குழு இப்போதும் போகிறது. வழியை றிகாஸ் தீர்மானிக்கிறான். சாலிஹ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வருவார். முழங்காலுக்கு ஒரு குறையுமில்லை.

போன ஆவணியில் ஹம்சிகாவின் கல்யாணம் ரத்தோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கார்டு தபாலில் வந்தது. குடும்பத்தோடு என்று எழுதி, கீழே செல்லச்சாமி கையொப்பமும் போட்டிருந்தார். ஸரீனா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தபால்லயா அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையைப் பாடசாலையில் முதல்நாள் விடும்போது ஒரு கையை அவரும் பிடித்துக்கொண்டு போனவர்.

மண்டப வாசலில் செல்லச்சாமி பட்டு வேட்டியோடு நின்றார். நன்றாகத் தேறியிருந்தார், கன்னத்தில் சதை வந்திருந்தது. சாலிஹ் கிட்டே போய்க் கட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் செல்லச்சாமி இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"வாங்க சாலிஹ், வாங்க. மதினி, வாங்க. உள்ளுக்குப் போய் உக்காருங்க. மரக்கறிச் சாப்பாடுதான், பயமில்லாமச் சாப்பிடலாம். சாப்பிட்டுத்தான் போகணும்."

நாற்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து சாலிஹ் கேட்ட முதல் 'வாங்க' அது. மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் இன்னும் நான்கைந்து பேர் நின்றார்கள். சாலிஹ் ஸரீனாவோடு உள்ளே போய், மூன்றாவது வரிசையில், விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தார்.