கோயில் இல்லாத மலைக்குப் போன கதை

என் மாமியார் பெயரும் என் பெயரும் ஒன்று. பெண் பார்க்க வந்தபோது, என்ன பொருத்தம் பாருங்கள் என்று அதையே கொண்டாடினார்கள். தாலி ஏறிய பிறகுதான் வினை தெரிந்தது. பெற்றவள் பெயரை மகன் வாயால் சொல்லலாமா? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒரு வருஷமாக நான் வெறும் "புதுப்பொண்ணு". என் வீட்டுக்காரர் என்னை இருமிக் கூப்பிடுவார். ஒருமுறை அவருக்கு நிஜமாகவே சளி பிடித்து, நான் அடுப்பை விட்டு ஓடி ஓடி வந்து அலுத்துப்போனேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"வீட்டுல முடியாது. ரயில்வேயில ஓசி பாஸ் இருக்கு, தைப்பிங் போவோம். ஏரி இருக்கு, படகு இருக்கு, மலை ஏறலாம். அங்க வச்சுக் கூப்பிடுறேன்," என்றார்.

மலை என்ற சொல் மட்டும் மாமியார் காதில் விழுந்துவிட்டது.

"அங்க என்ன கோயிலுடா?"

"கோயில் இல்லம்மா. சும்மா ஏறத்தான்."

"சும்மா எந்தப் பைத்தியக்காரன் மலை ஏறுவான்?"

பெண்டாட்டியோடு தனியாகப் போக ஆசை என்று சொல்ல வெட்கப்பட்டு, "முருகன் இருக்காரு போல," என்று உளறிவைத்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். குவாட்டர்ஸில் எல்லாருமே ரயில்வே ஆட்கள், எல்லாரிடமும் பாஸ். தேங்காயும் கற்பூரமும் மஞ்சள் சேலையுமாக ரயில் பெட்டியே நிரம்பியது. பக்கத்து வீட்டு அக்கா பால்குடம் எடுத்து வந்தாள். ஈப்போ தாண்டுவதற்குள் பால் திரிந்துவிட்டது.

மலையடிவாரத்தில், ஒரு வெள்ளைக்காரத் துரையை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் சுமந்துகொண்டு சிலர் இறங்கி வந்தார்கள். மாமியாருக்குத் தூரப் பார்வை மங்கல். தோளில் ஏதோ வருவது மட்டும்தான் தெரிந்தது.

"சாமி எறங்கிருச்சு! அரோகரா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தேங்காயை உடைத்தார். கூட்டமும் அரோகரா போட்டது. துரை மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"சாமியே எறங்கி வந்தப்புறம் நாம எதுக்கு ஏறணும்?" என்று ஏரிக்கரையில் எல்லாரும் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள்.

அந்தச் சாக்கில் நாங்கள் இருவரும் படகேறினோம். நடு ஏரியில் அவர் இருமினார்.

"இன்னொரு தடவ இருமுனீங்க, தண்ணியில தள்ளிருவேன்," என்றேன்.

துடுப்பை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொன்னார். பயத்தில் சத்தம் கூடிவிட்டது.

கரையில் மாமியார் எழுந்து நின்றார். "ஏண்டா, பெத்தவளையா பேரு சொல்லிக் கூப்பிடுற?"

கூட்டம் முழுக்கச் சோற்றுக் கையோடு எங்களையே பார்த்தது. சரி, இனி இந்த ஜன்மத்தில் எனக்கு இருமல்தான் என்று நினைத்தேன். அவர் படகில் எழுந்து நின்றார்.

"உன்னை இல்லம்மா! என் பொண்டாட்டிய!" என்று கத்திவிட்டு, என் பெயரை இன்னொரு தடவை சொன்னார்.

அவர் எழுந்ததில் படகு கவிழப் பார்த்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கவிழ்ந்தால் கவிழட்டும் என்றிருந்தது.