வச்சலாவின் வலது தோள்

கேஸ் முடியும்வரை மீன் விற்கப் போகாதீர்கள் என்று வச்சலாவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வக்கீல் சொன்னால் கட்சிக்காரர் கேட்பார் என்று நினைத்தது என் புத்தி.

புதுப்பட்டினம் குப்பத்துக்காரர். இருபது வருடமாகத் தலைக்கூடையில் மீன் சுமந்து, கல்பாக்கம் குடியிருப்பில் வீடு வீடாக விற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்பு சாலையோரம் நடந்து போனவரைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்துத் தள்ளியது. தோள் எலும்பு நொறுங்கி பிளேட் வைத்தார்கள். அதற்குப் பிறகு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. நஷ்டஈடு கேட்டுச் செங்கல்பட்டு கோர்ட்டில் நான்தான் கேஸ் போட்டேன்.

"நீங்க வியாபாரம் பண்றதைப் பார்த்தா இன்சூரன்ஸ்காரன் சும்மா விடமாட்டான்மா. கையில கட்டுப் போட்டுக்கிட்டு வீட்ல இருங்க."

"இன்னா வக்கீல் சார், அதுவரிக்கும் என் வயிறு வாய்தா வாங்கிக்குமா? கை போனது நெசம். அதுக்கு எதுக்கு வேசம்?"

திமிர் பிடித்த பொம்பளை என்று மனதுக்குள் திட்டினேன். எனக்கு வந்த கோபத்தில் கேஸ் கட்டையே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பயந்தபடியே ஆயிற்று. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் சுப்புராமன் ஒரு போட்டோவை நீட்டினார். போன மாதம் எடுத்தது. தலையில் கூடையோடு வச்சலா நிற்கிறார்.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"கை தூக்க முடியாதவங்க தலைக்கு இவ்வளவு பெரிய கூடை எப்படிப் போச்சு?"

போச்சு, கேஸ் ஊற்றிக்கொண்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். வச்சலா போட்டோவை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணை ஆள், அந்தப் போட்டோவை எடுத்தவர், உட்கார்ந்திருந்தார்.

வச்சலா நீதிபதியிடம் சொன்னார்: "ஐயா, முன்னெல்லாம் நானே குனிஞ்சி, முட்டியில வச்சி ஒரே தூக்கு, தலைக்குப் பூடும். இப்போ வூட்டுக்கு வூடு யார்னா தூக்கி வுட்டாதான் உண்டு. ஆள் இல்லன்னா வெயில்ல நின்னுகினு கீறேன். அன்னிக்கி என்கிட்ட அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கினு, கூடையத் தூக்கி வுட்டதே தோ அந்தத் தம்பிதான். கேளுங்க."

நீதிபதி அந்த ஆளைப் பார்த்து, "அப்படியா?" என்றார்.

விசாரணை ஆள் எழுந்தார். சுப்புராமன் கண்ணைக் காட்டிப் பார்த்தார். பலிக்கவில்லை.

"ஆமாங்கய்யா. தனியா தூக்க முடியலன்னு கூப்பிட்டாங்க. நான்தான் தூக்கி வச்சேன். அப்புறம்தான் போட்டோ எடுத்தேன்."

சாட்சியம் டைப் அடிக்கும் பெண் கையை நிறுத்தியிருந்தார். வச்சலா அவரிடம் திரும்பினார்.

"அத்தயும் எழுதிக்கோம்மா."