ஒன்றரை கிராம்

போடி கடைவீதியில் எந்த ஏலக்காய்க் கடையில் வேண்டுமானாலும் ஏறி, எப்சிபா என்று ஒரு பெண்ணைத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாதவர் இருக்க மாட்டார். தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களாக இருப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடையில் சாம்பிள் எடை போடுகிறவள். மலையிலிருந்து வந்த மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினாளென்றால், காய் எந்த மட்டில் காய்ந்திருக்கிறது, எடை கூட்டுவதற்கு எவனாவது தண்ணீர் தெளித்திருக்கிறானா என்று சொல்லிவிடுவாள். சொல்வதையும் மெதுவாகச் சொல்ல மாட்டாள். ஏலக்காய் ஈரம் குடிக்கும் என்பது அந்த வியாபாரத்தின் அரிச்சுவடி. அதை ஊருக்கே பாடம் நடத்தியவள் அவள்.

புருஷன் விஜய்ராஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் சால்டர் வைக்கும் மனுஷன். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் அவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

இவளுக்கு எப்படி ஹாம் ரேடியோப் பைத்தியம் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு மழைக் காலத்தைத்தான் சொல்ல வேண்டும். போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து, டவர் எல்லாம் செத்து, மேலே போன ஒன்பது பேரைப் பற்றி இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஒன்பதில் ஒருவர் விஜய்ராஜ். ஏதோ எஸ்டேட்டில் போன் ரிப்பேருக்குப் போனவர். எப்சிபா சோறு தண்ணி இல்லாமல் அழுது கிடந்தாள். அப்போது காமயகவுண்டன்பட்டியிலிருந்து சுரேஷ்கண்ணன் என்று ஒரு திராட்சைத் தோட்டக்காரர், கார் பேட்டரியும் ஒரு ரேடியோ செட்டுமாக வந்து கடை வாசலில் உட்கார்ந்தார். பொழுதுபோக்காக உரிமம் வாங்கிப் பேசுகிற ஆள். அரை மணி நேரம் இரைச்சலோடு மல்லுக்கட்டிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் எவரோ சொன்னதைக் கேட்டு அவளிடம் திரும்பிச் சொன்னார்: "ஆளு சௌக்கியமா இருக்காகம்மா. கப்பையும் மீன்கறியும் தின்னுட்டுத் தூங்குறாகளாம்."

இரண்டு நாள் அழுத அழுகைக்கு, புருஷன் திரும்பி வந்ததும் வட்டியும் முதலுமாகக் கொடுத்தாள் என்பது வேறு விஷயம். ஆனால் கம்பி இல்லை, டவர் இல்லை, ஒன்றுமில்லாத வெறும் வானத்தின் வழியாகத் தன் புருஷன் தூங்குகிற சேதி வந்ததே, அந்த ஆச்சரியம் அவளை விடவில்லை. அடுத்த வருஷமே அவளும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாள். எழுத்தும் எண்ணுமாக ஆறு சேர்ந்த ஒரு பெயர் அவளுக்குக் கிடைத்தது. உலகத்தில் வேறு எவருக்கும் அந்தப் பெயர் கிடையாது என்று சுரேஷ்கண்ணன் சொன்னபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தப் பெயரை ஆகாயத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் பலூனில் கொண்டு விட்டது. இரண்டு கையையும் விரித்த அகலத்தில் வெள்ளி மினுமினுப்பான பிளாஸ்டிக் பலூன். அதன் கீழே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு போர்டு, காகிதம் போல இரண்டு சோலார் தகடு, தலைமுடி கனத்தில் செப்புக் கம்பி. தொங்குவதெல்லாம் சேர்த்துப் பதினாலு கிராம். பேட்டரி கிடையாது. வெயில் பட்டால் விழிக்கும், பொழுது சாய்ந்தால் தூங்கிவிடும். விழித்திருக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன் பெயரையும், இருக்கும் இடத்தையும், உயரத்தையும் சொல்லும். அதன் குரலுக்கு வலு எவ்வளவு தெரியுமா? டார்ச் லைட் பல்பில் நூறில் ஒரு பங்குகூட வராது. இருந்தாலும் உலகம் முழுக்க இதே பைத்தியம் பிடித்தவர்கள் செட்டைப் போட்டு வைத்துக் காத்திருப்பார்கள். யார் காதில் விழுந்தாலும் அது உடனே இணையத்தில் ஒரு வரியாக ஏறிவிடும்.

முதல் பலூன் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் ஊமையாகிவிட்டது. குளிரில் சால்டர் விட்டுப்போச்சு. இரண்டாவது, கம்பியைக் கட்டிய நூல் அறுந்து அல்லிநகரத்தைத் தாண்டுவதற்குள் வாயை மூடியது. இரண்டும் விஜய்ராஜின் கைவேலை. எப்சிபா விட்டாளா? சர்ச்சில் சொன்னாள், கடையில் சொன்னாள், மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னாள். இரண்டு வருஷம் சொன்னாள். அவர் மூன்றாவதைச் செய்ய உட்கார்ந்தார். அதற்குப் பதினோரு மாசம் ஆனது. முடித்த அன்று பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இனிமேல் இவ்வளவு பொடி வேலைக்குத் தன் கண் ஒத்துழைக்காது, இதுதான் கடைசி என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவள் எதையும் சொல்லிக் காட்டவில்லை.

போர்டு அவர் பொறுப்பு, வாயு நிரப்புவது அவள் பொறுப்பு. நிரப்புவதில்தான் உயிர் இருக்கிறது. குறைந்தால் பலூன் மலையைத் தாண்டாது. கூடினால் மேலே போகப் போக விறைத்து, உச்சி வெயிலில் ஓரத்து ஒட்டு விட்டுவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. போர்டின் பதினாலோடு, மேலே ஏறும் விசைக்கு ஆறு சேர்த்து, சரியாக இருபது கிராம் எடையுள்ள ஒரு பையைப் பலூனில் கட்டி, ஏறாமல் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும்வரை வாயுவை விட வேண்டும். பிறகு பையை அவிழ்த்துவிட்டுப் போர்டைக் கட்ட வேண்டும். மற்றவர்கள் மணலோ ஆணியோ வைப்பார்கள். எப்சிபா ஏலக்காய் வைத்தாள். ஒரு கிராமுக்கு ஐந்து காய், ஒவ்வொரு காயாகக் கூட்டலாம் குறைக்கலாம், இதைவிட வசதி எது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைத் தராசில் நிறுத்து, இருபது கிராமுக்குத் துணிப்பை கட்டி, காலையில் மறக்காமல் எடுக்க வேண்டுமென்று அடுப்படி ஜன்னலில் மாட்டி வைத்தாள்.

ஆடி மாசம். ராத்திரி முழுக்கச் சாரல்.

சனிக்கிழமை விடிந்ததும் காற்று ஒரு முக்கால் மணி நேரம் ஓய்ந்தது. தேனி ரோட்டோரக் காலி மைதானத்தில் சுரேஷ்கண்ணன் கம்பியைத் தாங்கிப் பிடிக்க, விஜய்ராஜ் போர்டைக் கட்ட, எப்சிபா பலூனை விட்டாள். அது அவசரப்படாமல் ஏறியது. சட்டென்று ஆடிக் காற்று பிடித்துக்கொள்ள, கிழக்கே தேனிப் பக்கமாகச் சாய்ந்து மேகத்துக்குள் போய்விட்டது. மூன்று பேரும் ஆகாயத்தைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார்கள். அப்புறம் அவளுக்கு வேலை நேரமாகிவிட்டது.

கடைக்குப் போனதும் பையிலிருந்த காயைச் சாம்பிள் தட்டில் கொட்டப் போனவள், இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் பையைத் தராசில் வைத்தாள். இருபத்தொன்றரை காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே இருபத்தொன்றரை. கையை விட்டுப் பார்த்தாள். காய் நமத்துப் போயிருந்தது, துணியும் ஈரம்.

ராத்திரிச் சாரலை ஜன்னலில் தொங்கிய பை குடித்திருக்கிறது. இருபது என்று நம்பி இருபத்தொன்றரைக்கு வாயுவை அடைத்து அனுப்பியாயிற்று. பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த சுப்புத்தாய், என்ன முகம் இப்படி இருக்கு, காபி வாங்கியாரட்டுமா என்று கேட்டாள். எப்சிபாவுக்கு வாயே வரவில்லை. அவளுக்கு வாய் வராமல் போனதைச் சுப்புத்தாய் அன்றுதான் பார்த்தாள்.

போனில் ஒவ்வொரு வரியாக வந்தது. தேவதானப்பட்டிக்கு மேலே மூவாயிரம் மீட்டர். திண்டுக்கல் பக்கம் ஆறாயிரம். அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். எட்டாயிரத்தைத் தாண்டியதும் பலூன் நின்று, திரும்பி, வந்த வழியே மேற்கே வர ஆரம்பித்தது. கீழே ஆடிக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு கிழக்கே போகிறது. அதே நேரம், அதே இடத்தில், தலைக்கு மேலே எட்டுக் கிலோமீட்டரில் இன்னொரு காற்று மேற்கே பாய்ந்துகொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில் துணி காயப் போட்டவள், மேலே இன்னொன்று எதிர்த்திசையில் ஓடுவதைப் புத்தகத்தில் படித்திருந்தாள். இப்போது அவள் பெயரைச் சுமந்துகொண்டு ஒன்று அந்தக் காற்றில் போகிறது. கடை வாசலுக்கு வந்து மேகத்தை அண்ணாந்து பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு அது சரியாகப் போடிக்கு மேலே இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, அங்கேதான் இருக்கிறது. பயத்தையும் மீறி அவளுக்குக் கண் கலங்கியது.

பன்னிரண்டாயிரம் மீட்டரில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. பன்னிரண்டாயிரத்து நானூறில் நின்றது. விஜய்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம கணக்கையும் மிஞ்சிப் போய்விட்டது என்று தானாக போன் போட்டுச் சொன்னார். தானாக போன் போடுகிற மனுஷனா அவர்! ஏன் மிஞ்சியது என்று அவளுக்குத்தான் தெரியும். பலூன் அளவுக்கு மேல் விறைத்து நிற்கிறது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு வருஷமாகத் தான் சொல்லித் திரிந்ததெல்லாம் குறுக்கே வந்து நின்றது. கேரளத்தைத் தாண்டி, கடலுக்குள் போனது பலூன். வீட்டு மொட்டை மாடியில் சோதித்தபோது ஆறு மணிக்கே தூங்கிவிடும் போர்டு அன்றைக்கு ஆறே முக்கால் வரை பேசிவிட்டு அடங்கியது. உச்சி வெயிலில் வெடிக்கவில்லை. ஆனால் ஒட்டு எங்காவது ஊசிமுனை அளவு பிரிந்திருந்தால் போதும், விடிவதற்குள் கடலில் இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை. மாடியில் அது ஆறு ஐம்பத்தைந்துக்கு விழித்துப் பழக்கம். எப்சிபா ஆறரைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஏழு ஆனது. ஏழரை ஆனது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு வரி இல்லை. விஜய்ராஜ் சர்ச்சுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றார். எட்டுக்குச் சர்ச்சில் முதல் மணி அடித்தது.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"தப்பு என் மேலதாங்க. காய் ஈரம் குடிச்சிருச்சு. ஒன்னரை கிராம் கூடப் போச்சு. நேத்துக் காலையிலயே தெரியும், உங்ககிட்டச் சொல்லலை. பதினோரு மாச வேலையைக் கடல்ல போட்டுட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் அவருடைய முறை. இரண்டு வருஷத்துக்கான கணக்கை அந்த ஒரு நிமிஷத்தில் தீர்த்திருக்கலாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றரையா என்று மட்டும் கேட்டார். அதனால்தான் நானூறு மீட்டர் கூடுதலாகப் போயிருக்கிறது என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

"எப்சி, நேத்து சாயங்காலம் தூங்குற நேரத்துக்கு மேலயும் முக்கா மணி நேரம் பேசுச்சுல்ல? ராத்திரியெல்லாம் மேற்க போயிருக்கு. அங்கன இன்னும் விடிஞ்சிருக்காது."

அவள் அவரையே பார்த்தாள். பூமி உருண்டை, சூரியன் கிழக்கே உதிக்கும், மேற்கே போகப் போகப் பொழுது தாமதமாக விடியும். ஐந்தாம் வகுப்பில் படித்தது, உரிமப் பரீட்சைக்கு மறுபடி படித்தது. ஆனாலும் பலூன் என்றதும் நம்ம மாடியில் விடிந்தால் அதற்கும் விடிந்துவிடும் என்று அவள் மனசு நினைத்துக்கொண்டிருந்தது. நேற்றுக் காலையில் அவள் கையில் இருந்த பொருள் அது. அது வேறொரு விடியலுக்குள் போய்விட்டது என்பதை அவளால் உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எட்டுப் பதினாலுக்கு ஒரு வரி வந்தது.

முதலில் அவள் பெயர், அந்த ஆறும் வரிசை பிசகாமல். கேட்டவர் ஓமான் நாட்டில் யாரோ ஒருவர். இடம், சோகோத்ரா என்ற தீவுக்குக் கிழக்கே நடுக்கடல். போடியிலிருந்து இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர். உயரம், பன்னிரண்டாயிரத்து நானூறு. ஒரு மீட்டர்கூட இறங்கவில்லை. பத்து நிமிஷத்தில் அடுத்த வரி வந்தபோது கென்யாவில் ஒருவரும், ரீயூனியன் தீவில் ஒருவரும் கேட்டிருந்தார்கள். கப்பல்கூட இல்லாத கடலுக்கு மேலே, மூச்சு விட முடியாத உயரத்தில், பதினாலு கிராம் எடையில் ஒன்று, முதல் வெயில் பட்டதும் விழித்து எப்சிபாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விஜய்ராஜ் கண்ணாடியைக் கழற்றி வெள்ளைச் சட்டையிலேயே துடைத்தார்.

சர்ச்சில் இரண்டாவது மணி அடித்தது. அவர் எழுந்து, நேரமாச்சு, கிளம்பு என்றார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இருங்க. அதுக்கு இப்பத்தான விடிஞ்சிருக்கு."

அவர் உட்கார்ந்தார்.