வெள்ளையடிக்காத சதுரம்

சோற்றை வாயில் வைத்தால் பல்லில் நறநறவென்று கடிபடும் சுண்ணாம்புக்கல் தூசியோடுதான் என் இளமைக்காலம் நினைவுக்கு வருகிறது. அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குப் போகும் "கல்லு லாரி" எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த என் அண்ணன் செல்வத்தை அதில் ஒன்று அடித்துப் போட்டுவிட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது.

மறுநாள் காலை, பெண்கள் கூடி மாரடித்து அழுதுகொண்டிருக்கையில், ஒரு பத்திரிகையின் போட்டோக்காரர் வந்தார். இறந்தவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கேட்டு வாங்கி, கவரில் போட்டு, திருச்சி பஸ்ஸில் ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவது அன்றைய வழக்கம். எங்களிடம் இருந்ததோ ஒரே படம்: ஸ்டுடியோவில், திரையில் வரைந்த ஆகாய விமானத்துக்கு முன்னால் அண்ணன் விறைப்பாக நின்றது. "பாப்பா, அந்தப் படத்தக் குடும்மா. அண்ணன் நாளைக்குப் பேப்பர்ல வருவான். ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். அண்ணன் பேப்பரில் வருவான் என்றதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி நானே கழற்றிக் கொடுத்தேன்.

பேப்பரில் வந்தது இரண்டே வரி. படம் அதிலும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. "எங்கடி படம்?" என்று அம்மா கேட்டபோது, "அந்த ஆளே கழட்டிக்கிட்டுப் போயிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டேன். "நாசமாப் போவான், எம்புள்ள மொகத்தத் தூக்கிட்டுப் போயிட்டானே!" என்று அம்மா வருடக்கணக்கில் மண்ணை வாரித் தூற்றினாள். பாவம், அந்த மனிதர் செய்த பிழை பாதிதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்களிடம், "அந்த எடத்துல மட்டும் கை வைக்காதீங்க, அவன் நின்ன எடம்" என்பாள். அடுப்புப் புகை படிந்த சுவரில் முதலில் வெளுப்பாகத் தெரிந்த அந்தச் சதுரம், வருடா வருடம் சுற்றிலும் வெள்ளையடிக்க அடிக்கக் கருத்துப் போனது.

நானும் பத்திரிகைப் போட்டோக்காரிதான் ஆனேன், வேறென்ன ஆவேன்! பெரம்பலூரில் இருந்துகொண்டு பதினெட்டு வருடம் விபத்து, தற்கொலை, மறியல் என்று ஓடினேன். எந்த வீட்டிலும் படத்தைக் கழற்ற விடமாட்டேன். சுவரில் இருக்கும்போதே எடுப்பேன். முகத்தை மட்டும் வெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் காலண்டரும் ரேஷன் பையும் தொங்கும் முழுச் சுவரை எனக்கென்று வைத்துக்கொள்வேன். வேலையை விட்ட பிறகு அந்தச் சுவர்களைத்தான் கண்காட்சியாக வைத்தேன். சென்னையில் வைக்கச் சொன்னார்கள். அந்தச் சுவர்களுக்குச் சொந்தக்காரர்களான குரும்பலூர்க்காரரும் வாலிகண்டபுரத்துக்காரரும் அங்கே எப்படி வருவார்கள்? அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தேன். வந்தவர்கள் அவரவர் வீட்டுச் சுவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கடைசிப் படம் எங்கள் சுவர், முகமில்லாத கருப்புச் சதுரம்.

அம்மா வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். "எல்லா வூட்டுப் புள்ளையும் இருக்குது. எனக்குத்தான் அவன் மொகம் மறந்து போச்சுடி. உனக்கு நெனப்பிருக்கா?" என்றாள். கண்ணை மூடிப் பார்த்தேன். ஆகாய விமானம்தான் வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இருக்கும்மா" என்று இன்னொரு பொய் சொன்னேன்.

ரோட்டை அகலப்படுத்தியதில் அந்த வீடும் சுவரும் போய்விட்டன. லாரிகள் மட்டும் ஓடுகின்றன. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.