அடுப்போரம் வைத்த பலகைகள்

தஸ்லீமாவைப் பொறாமை வந்து பிடித்துக்கொண்டது பதினான்காவது வயதில்தான். அதற்கு முன்னால் அவளுக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. யாராவது மாற்றிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அவள் பாபா குல்மர்க்கில் சறுக்குவண்டி இழுப்பவர். ஊர் பார்க்க வருகிறவர்களை மரவண்டியில் உட்காரவைத்து, கயிற்றைத் தோளில் மாட்டி, பனிமேட்டில் ஏற்றி இறக்குவார். ஒருநாள் சாயங்காலம் மலையிறங்கி வீட்டுக்கு வந்தபோது அவர் கூடவே தஸ்லீமா வயதில் ஒரு பெண்ணும் வந்தாள். ஸ்ரீநகரில் இருந்த தம்பி இறந்துபோக, அவன் மகள் மஹ்ஜபீனை இனி நம் மகள் என்று கூட்டிவந்திருந்தார். அன்று யாரோ அவர் கையில் கொடுத்திருந்த ஒரு சீட்டைத் தஸ்லீமா எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போதே வந்தவள் எட்டிப் பார்த்துக் கடகடவென்று படித்துவிட்டாள்.

"பாத்தியா? இவதான் இனி நம்ம வீட்டு டாக்டர்," என்றார் பாபா. பையிலிருந்து ஒரு நீலக் கம்பளிக் குல்லாவை எடுத்து மஹ்ஜபீன் தலையில் மாட்டிவிட்டார். அந்தக் குல்லா யாருக்காக வாங்கியது என்பது அவருக்கே மறந்துபோயிற்று. தஸ்லீமாவுக்கு மறக்கவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்கே உரியதாக இருந்தது. பனி. பத்து வயதில் இரண்டு வில்லோ மரப் பலகைகளைச் சீவி, பழைய டயர் வாரால் காலில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆப்பிள் தோட்டச் சரிவில் இறங்கியவள் அவள். பதினாறில் ஒரு வெளிநாட்டுக்காரி விட்டுப்போன உண்மையான சறுக்குப் பலகைகள் கிடைத்தன. அதற்குப் பிறகு சரிவில் அவளை எந்தப் பையனும் பிடித்ததில்லை. மஹ்ஜபீனும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ள வந்தாள். அவள் ஒவ்வொரு முறை விழும்போதும் தஸ்லீமாவின் வாயில் கற்கண்டு கரைந்தது.

இருவருக்கும் இருபத்திரண்டு வயதானபோது அந்தச் சேதி வந்தது. சறுக்குப் பயிற்சி கொடுக்கும் கடைக்காரர் ஒருவர், பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும் என்றார். ஒரே ஒருத்தி. தேர்ச்சிச் சான்று இருக்க வேண்டும். கிடைத்தால் சிவப்புச் சட்டை, முதுகில் வெள்ளை எழுத்து. அந்தச் சட்டையைப் போட்டவர்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து ஏங்கியவள் தஸ்லீமா. மஹ்ஜபீனும் பெயர் கொடுத்தாள் என்று தெரிந்ததும் அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"இவளுக்கு எதுக்கு இது? நேரா நிக்கவே வராது," என்றாள் மௌஜிடம்.

மௌஜ் என்றால் அவள் தாய். குல்மர்க்கில் பனிச்சரிவின் அடிவாரத்தில் ஒரு பலகைக் கடை போட்டு உப்புத் தேநீர் விற்பவள். "இருக்கட்டுமே. ரெண்டு பேரும் போங்க. ஒருத்திக்கு ஒருத்தி துணை," என்றாள். கடையின் பின்னறையில் மூவரும் அந்தக் குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள்.

பயிற்சி கொடுத்தவர் ரௌதேலா சாப், ராணுவத்தில் இருந்து வந்த குமாவூன்காரர். அதட்டிப் பேச மாட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே முதுகு நேராகிவிடும். முதல் வாரம் அவர் தஸ்லீமாவின் பெயரை நான்கு முறை சொன்னார், மஹ்ஜபீனின் பெயரை ஏழு முறை. தஸ்லீமா எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழில் ஐந்து தப்பைத் திருத்தத்தான். ஆனாலும் ஏழு ஏழுதானே.

சறுக்குவண்டி இழுப்பவர்கள் சும்மா இருப்பார்களா? சலாம் காக் என்ற கிழவர் தினமும் தேநீருக்கு வந்து வம்பிழுப்பார்.

"என்ன தஸ்லி, உங்க டாக்டரம்மா இன்னைக்கு எத்தனை தடவை பனிக்கு முத்தம் குடுத்தா?"

"ஒம்பது, காக்."

மஹ்ஜபீன் கோபப்படாமல், "பத்து காக். ஒண்ணு அவ கவனிக்கல," என்றாள். கடையே சிரித்தது. கிழவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து மஹ்ஜபீன் கையில் வைத்தார். தஸ்லீமாவுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. பத்து முறை விழுந்தவளுக்கு ரொட்டி. ஒரு முறையும் விழாதவளுக்கு ஒன்றுமில்லை.

கடைசித் தேர்வு, சொல்லிக்கொடுக்கும் தேர்வு. பனியை அதுவரை மிதித்தே பார்க்காத ஒருவரை ஆளுக்கு ஒருவராக ஒப்படைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் அவரைத் தானாகச் சறுக்கி, தானாக நிற்க வைக்க வேண்டும்.

தேர்வன்று விடிகாலை புதுப்பனி முழங்கால் அளவு கொட்டியிருந்தது. தஸ்லீமா முதலில் எழுந்தாள். கடைச் சுவரில் வெளிப்பக்கமாக இரண்டு ஜோடிப் பலகைகளும் சாய்ந்து நின்றன. இரவெல்லாம் குளிரில்தான் நிற்க வேண்டும். சூடான பலகையைப் புதுப்பனியில் வைத்தால் பனி உருகி, உடனே உறைந்து, அடிப்பக்கம் முழுக்கக் கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஓர் அடி நகராது. இதைப் பத்து வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவள் தஸ்லீமா. வகுப்பில் இதைச் சொன்ன அன்று மஹ்ஜபீன் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

அவள் மஹ்ஜபீனின் பலகைகளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து இரும்பு அடுப்பின் ஓரமாகச் சாய்த்துவைத்தாள்.

அந்த ஊரில் இது பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பே இல்லை. வீட்டுக்கு வந்தவரின் காலணியை அடுப்போரம் வைத்துச் சூடேற்றிக் கொடுப்பதுதான் அங்கே பிரியத்துக்கு அடையாளம். மருமகளை மெச்சும்போது மாமியார் சொல்வது, "என் செருப்பு ஒருநாளும் ஜில்லுன்னு இருந்ததில்ல" என்பதுதான். அடுப்புக்கு விறகு போட வந்த மௌஜ் பார்த்தாள். மகளின் நெற்றியில் கைவைத்து, "நல்லா இருப்படி," என்றாள். தஸ்லீமாவுக்கு அந்தக் கை அடுப்பைவிடச் சுட்டது. இருந்தாலும் பலகைகளை எடுத்து வெளியே வைக்கவில்லை. மஹ்ஜபீன் எழுவதற்குச் சற்று முன்னால் மட்டும், கதகதப்பு ஆறுமுன்னே, பழையபடி சுவரில் சாய்த்துவிட்டாள். மஹ்ஜபீன் கையுறை போட்ட கையோடு அவசரமாக எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

தஸ்லீமாவிடம் ஒப்படைக்கப்பட்டவர் சூரத்திலிருந்து வந்த பருத்த அம்மாள் ஒருவர். தஸ்லீமா அவருக்கு நிற்பதைக் காட்டினாள். முனைகள் சேர்ந்து, வால்கள் விரிந்து, வீட்டுக் கூரைபோலப் பலகைகளை வைத்தால் வேகம் அடங்கும் என்று காட்டினாள். பிறகு, "இதோ, இப்படி," என்று இறங்கினாள். அப்படி ஓர் இறக்கத்தை அந்தச் சரிவு பார்த்ததில்லை. துணியில் கத்தரி போவதுபோல் இருந்தது. முப்பது அடி கீழே நின்று திரும்பிப் பார்த்தாள். அம்மாள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க, ஒண்ணும் ஆகாது," என்று கீழிருந்து கூப்பிட்டாள்.

"உனக்கு ஆகாதும்மா. எனக்கு ஆகும். என் பிள்ளையக் கூப்பிடு," என்றார் அவர். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பக்கம் மஹ்ஜபீனின் பலகைகளில் பனி கட்டிகட்டியாகப் பிடிக்க, அவள் உயரமான மரச்செருப்பு போட்டவள்போல் தடுமாறினாள். இரண்டடி வைத்து முகங்குப்புற விழுந்தாள். அவளிடம் கொடுக்கப்பட்ட கல்லூரிப் பெண் பயந்துபோய்க் கையைப் பிசைந்தாள். மஹ்ஜபீன் மூக்கில் பனியோடு எழுந்து உட்கார்ந்து, "பாத்துக்கிட்டியா? விழுந்தா இவ்வளவுதான். எதுவும் உடையல. இப்ப உன் முறை," என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விறைத்த முழங்கால் இளகிவிடும். மஹ்ஜபீன் தன் பலகைகளைக் கழற்றி எறிந்தாள். வெறும் காலணியோடு அந்தப் பெண்ணுக்குக் கீழ்ப்பக்கமாகக் குனிந்து நின்று, அவள் பலகைகளின் முனை இரண்டையும் கையால் பிடித்தபடி, பின்னோக்கி நடந்தே சரிவு முழுக்க இறங்கினாள். ஒன்று, இரண்டு, ஐந்து முறை. ஆறாவது முறை கையை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் தானாக இறங்கி, தானாக நின்றாள்.

ரௌதேலா சாப் தஸ்லீமாவிடம் வந்தார். "நீ நல்லா இறங்கின. அந்தம்மா இன்னும் மேலதான் இருக்காங்க," என்றார். 

மத்தியானம் கடையில் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை மஹ்ஜபீனின் மடியில் மடித்தபடி இருந்தது. தோற்ற மகளைத் தேற்ற வேண்டும் என்று மௌஜுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஜபீன், நீ ஜெயிச்சதுல இவளுக்கும் பங்கு உண்டு. விடியக்காலையில எழுந்து உன் பலகைய எடுத்து அடுப்போரம் வச்சுச் சூடு பண்ணினா. தன்னோடத வெளியிலயே விட்டுட்டா. பாவம்."

மஹ்ஜபீன் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தஸ்லீமா தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பெரியம்மா. அதான் பனி அவ்வளவு நல்லாப் பிடிச்சுது," என்றாள் மஹ்ஜபீன்.

மௌஜுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து வெளியே போன மஹ்ஜபீனின் பின்னாலேயே தஸ்லீமாவும் ஓடினாள். மன்னிப்புக் கேட்டாள் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிடிவாதக்காரிக்கு அது வராது.

"எனக்கு உன்னப் பாத்தா எரியுது. பதினாலு வயசிலேர்ந்து எரியுது," என்றாள்.

"தெரியும். குல்லாவத் திருப்பித் தந்தப்ப நீதான் வாங்கல," என்றாள் மஹ்ஜபீன்.  அன்றிலிருந்து அவள் பலகைகள் சுவரில் சாயவில்லை. தான் வேலை பார்க்கும் கடையின் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். ஒரே போர்வையில் படுத்தார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பலகைகளுக்கு மட்டும் பூட்டு. தினமும் காலையில் அந்த வெறும் சுவரைப் பார்க்கும்போது தஸ்லீமாவுக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருக்கும்.

மறு குளிர்காலத்தில் இன்னொரு பெண்ணும் வேண்டும் என்றார் கடைக்காரர். பயிற்சியை முதலிலிருந்து செய்தாக வேண்டும். சொல்லிக்கொடுத்துப் பழக ஆள் வேண்டுமே. தஸ்லீமா மௌஜைப் பிடித்தாள். மௌஜ் தன் ஃபெரன் அங்கிக்குள் கனல் நிறைந்த காங்கிரிச் சட்டியை அணைத்துக்கொண்டு பலகைமேல் ஏறினாள்.

"காங்கிரியக் கீழ வச்சுட்டு வா மௌஜ்."

"எதுக்கு? நாப்பது வருசமா இத வச்சுக்கிட்டுத்தான் நடக்கறேன்."

"விழுந்தா எரிஞ்சு போவே."

"அப்ப விழாமக் கூட்டிட்டுப் போ."

வேறு வழியில்லை. மௌஜின் பலகை முனைகளைக் கையால் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி, அங்குலம் அங்குலமாக நடந்தாள். ஒரு பொறியும் சிந்தவில்லை. சலாம் காக் தேநீரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கிழவிய விட்டுட்டு என்னையும் ஒரு நடை கூட்டிப்போ," என்றார். இது மஹ்ஜபீனின் வித்தை என்பது ஒவ்வோர் அடியிலும் தஸ்லீமாவுக்குக் கசந்தது. கசந்தாலும் விடவில்லை.

தேர்வில் ஒரு பயந்த கிழவரை அப்படியே இறக்கி நிறுத்தினாள். ரௌதேலா சாப் தாடையைச் சொறிந்தார். "இது ஜபீனோட வழியாச்சே."

"ஆமா சாப். திருடினதுதான்."

"திருடினதுக்கும் சான்று உண்டு," என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று தஸ்லீமா சிவப்புச் சட்டையோடு கடைக்கு வந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் சுவரில் இரண்டு ஜோடிப் பலகைகள் சாய்ந்து நின்றன.

இப்போது இருவருக்கும் நாற்பது நெருங்குகிறது. மஹ்ஜபீனிடம் கற்க வருகிறவர்களின் வரிசைதான் இன்றைக்கும் நீளம். தஸ்லீமா அதை ஓரக்கண்ணால் எண்ணாமல் ஒரு நாளும் வேலையைத் தொடங்கியதில்லை. நேற்றுகூட எண்ணினாள். இவள் பக்கம் நான்கு, அவள் பக்கம் ஆறு.  பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் தினமும் விடிகாலையில், தேநீர் கொதிக்குமுன்னே வெளியே போய்ப் பலகைகளைத் தொட்டுப் பார்க்கிறவள் அவள்தான். யாரும் அவளிடம் அந்த வேலையைச் சொன்னதில்லை. முதலில் மஹ்ஜபீனுடையதைத் தொடுவாள். அடிப்பக்கம் விரல் ஒட்டும் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். அப்படியும் திருப்தி வராமல், சுவரிலிருந்து அடுப்புப் புகைக்குழாய் வெளியே வரும் இடத்தைவிட்டு அந்த ஜோடியை இன்னும் ஒரு முழம் தள்ளிச் சாய்த்துவைப்பாள். பிறகுதான் தன்னுடையதைப் பார்ப்பாள்.