ஊர்க் கிணற்றின் ருசி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று உத்திரமேரூர் சாலையில் ஓடும் இரண்டு நெல் லாரி என்னுடையது. படித்தவர்கள் என்னிடம் வந்து வேலை கேட்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கு வேறு விஷயம் வைத்திருக்கிறேன்: என் மூச்சு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் ஊர் ஏரிக்கு நான்தான் நீர்க்கட்டி. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து விடுகிறவன். சேரிக்காரனுக்குச் சொந்த நிலம் கிடையாது, அதனால் ஓரவஞ்சனை செய்யமாட்டான் என்று ஊர்ப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு அது. எங்களுக்கு நிலம் இல்லாமல் போனதே நியாயத்தைக் காப்பாற்றத்தான் என்று நானும் நம்பினேன்.

மதகின் அடியில் மரக்கட்டை அடைப்பு இருக்கும். முங்கிப் போய் அதை அசைத்துப் பிடுங்க வேண்டும். ஒரே மூச்சில் அதைச் செய்ய, சுற்றுவட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. என் தலையும் கோவணமும் முங்கி எழுந்த தண்ணீர்தான் ஊர்த்தெரு வயல்களுக்குப் பாயும். அந்த நெல்தான் அவர்கள் வீட்டில் சாமிக்குப் படையல். ஆனால் ஊர்க் கிணற்றுக் கயிற்றில் என் விரல் பட்டால் தீட்டு. தீட்டுக்கு ஏரியில் நீச்சல் தெரியாது போலும்.

பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான ஆண்டை என்னை "அடக்கமான பய" என்பார். அந்தச் சொல்லுக்காக ஒரு நாள் பட்டினி கிடக்கவும் தயாராக இருந்தேன். அவர் தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கி, என்னைப்போல் குனிந்து நடக்க எவனால் முடியும்? அதிலும் எனக்குக் கர்வம்.

ஒரு பங்குனி வெயிலில், எட்டு மாதம் சுமந்துகொண்டிருந்த என் மனைவி களை எடுக்கும்போது மயங்கி விழுந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே ஆண்டை நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஆண்டே, பொஞ்சாதி மயக்கமா கீறா. ஒரு கொடம் சேந்தி ஊத்துங்க."

"நானாடா சேந்தறது? பொம்பளைங்க வருவாங்க. அதுவரிக்கும் குந்திக்கினு இரு."

குந்தினேன். கயிறும் வாளியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. காலடியில் கிடந்த கிணற்றுச் சுவரின் நிழல் ஒரு முழம் நகர்ந்த பிறகுதான் ஒரு பெண் வந்து தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.

நான் குடத்தோடு வயலுக்குப் போனபோது, கூட வேலை செய்த பெண்கள் வாய்க்கால் சேற்றுத் தண்ணீரைத் தெளித்து என் மனைவியை எழுப்பியிருந்தார்கள். அவள் என்னைத் திட்டவில்லை.

"கயிறு அங்கதான கெடந்திச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

ஏரியடி வரை தாங்கும் என் மூச்சு அந்தக் கேள்விக்குத் தாங்கவில்லை. அடக்கம் என்று நான் சுமந்து திரிந்ததன் பெயர் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்காம் நாள் தண்ணீர் முறை ஆண்டைக்கு. அவர் பயிர் வெயிலில் சுருண்டுகொண்டிருந்தது. நான் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடா குந்திக்கினு கீற? மதகத் தொற."

"ஊர்த்தெருலேர்ந்து யாராச்சும் வந்து முங்குவாங்க ஆண்டே. அதுவரிக்கும் நீங்களும் குந்துங்க. நான் தொட்டா தண்ணி தீட்டாயிடும்."

அடிப்பேன் என்றார் ஆண்டை முதலில். பிறகு, அடித்துவிட்டால் யார் முங்குவது என்று யோசித்திருப்பார். தன் மூத்த மகனை இறக்கினார். கட்டையைத் தேடிப் போன பிள்ளை கைநிறையப் பாசியோடு எழுந்தான். மூன்று முறை முங்கி மூன்று முறையும் பாசிதான்.

பொழுது சாய்ந்தபோது ஆண்டை குரலை இறக்கினார். "ஒனக்கு இன்னாதான்டா வோணும்?"

"எம் பொஞ்சாதி அவ கையால ஒரு வாளி சேந்தணும்."

ஆண்டை தலையாட்ட, அவள் ஊர்க் கிணற்றடிக்கு வந்தாள். தெரு முழுக்கக் கதவிடுக்கில் கண்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறைத்தாள். ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"உப்புக் கரிக்கிதுய்யா. இதுக்கா இம்மாங் காவலு?"

அந்தத் தெருவில் நின்று முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு போய், ஒரே மூச்சில் மதகைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் புரோகிதரை வைத்துக் கிணற்றுக்கு மஞ்சள் நீர் தெளித்தார்கள். வேடிக்கை பார்க்கச் செருப்புக் காலோடு போய் நின்றேன். ஆண்டை என் காலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து எட்டாம் நாள் அவருக்கு மறுபடி தண்ணீர் முறை.