தள்ளுவண்டி

அம்பத்தூர் மெக்கானிக், அப்பாவின் ஸ்கூட்டர் பிஸ்டனைத் துடைத்து என் கையில் வைத்தார். கருகிய ஆயில் வாடை மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய கொரட்டூர் தெரு வந்துவிட்டது.

அப்போதும் இதே வண்டியில் பிஸ்டன் தேய்ந்துபோய், எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாது. அப்பா மாற்றவில்லை. ஆறு மாத வயிற்றோடு அம்மா தினமும் தெருமுனை வரை தள்ளுவாள். அவள் முகத்திலேயே புகையைக் கக்கிவிட்டு வண்டி பறக்கும்.

"தள்றதுக்குத்தான் ஒன்ன கட்டிகினு வந்தேன், பிஸ்டன் இன்னாத்துக்கு?" என்பார் அப்பா. தெருவே சிரிக்கும். ஏழு வயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

"இன்னாமா, புதுசு போட்டுடலாமா?" என்றார் மெக்கானிக்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா, எழுபது வயதுக்காரர், என் முகத்தையே பார்த்தார்.

"வேணாண்ணா, பழசையே மாட்டுங்க," என்றேன். "ஊடு வரைக்கும் அப்பாவே தள்ளிகினு வரட்டும்."